மரகதம்

"எவ்வளவு நாளா இப்படி?"
நாலு வருஷம் என்றேன்.
பேனா நின்றது.
"ஏம்மா இவ்ளோ லேட்டு?"

என்னைவிடச் சின்னப் பெண் அந்த டாக்டர்.
கேள்வியில் தப்பில்லை.
வெளியே பெஞ்சில் இன்னும் நாற்பது பேர்.
துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டு
"தெரியல மேடம்" என்றேன்.

தெரியும்.

காசிமேட்டில் ஐஸ் உடைக்கும் மெஷினுக்குள்ளிருந்து
ஒரு பொம்பளை பேசுகிறாள் என்று
தம்பி டில்லிபாபு வந்து சொன்னபோது
எங்கள் தெருவில் கீழ்ப்பாக்கம் என்பது
ஊர்ப்பெயராக இல்லை.
கேரம் போர்டில் காயைத் தவறவிட்டவனைச் சொல்வது.
கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்டவளைச் சொல்வது.
அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில்
அவனை எப்படி ஏற்றுவேன்?
எனக்கு அப்போது மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மண்ணடியில், மாடிப்படிக்குக் கீழே
மயிலிறகோடு உட்கார்ந்திருப்பார் ஒரு பாய்.
டோக்கன் இல்லை. ஆதார் கேட்கவில்லை.
அம்மா பேரைக் கேட்டார்.
பிறகு தம்பியின் தலையில் கைவைத்து
உள்ளே இருப்பவளிடம்
ரொம்ப மரியாதையாக,
"உங்க பேரென்னம்மா?"

"மரகதம்" என்றான் தம்பி.
தன்னை ஒரு ஆள் நம்பிவிட்ட முகம் அவனுக்கு.
அன்றிரவு தூங்கினான்.
அந்த ஒரு தூக்கத்துக்காக
ஒன்றரை வருஷம் போனோம், வியாழன்தோறும்.

அப்புறம் கொடுங்கையூர்த் தகரக் கொட்டகையில்
உபவாச ஜெபம்.
மரகதத்தை மைக்கில் விரட்டினார் பாஸ்டர்.
முன்பின் தெரியாத முந்நூறு பேர்
அவனுக்காக அழுதார்கள்.
எங்கள் சித்தப்பா போனை எடுப்பதை
அதற்கு முன்பே நிறுத்தியிருந்தார்.

அதற்கும் அப்புறம்
செங்குன்றம் தாண்டி ஒரு சாமியாடி.
இதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.
வேப்பிலை என்று நினைத்து விட்டுவிட்டு வந்தேன்.
வேப்பங்கம்பு.
பதினோரு நாள்.
கணுக்காலில் சங்கிலி, சைக்கிள் பூட்டு.
உங்க பொருள் உங்ககிட்டயே இருக்கட்டும் என்று
சாவியைக் கொடுத்திருந்தார்கள்.
சாவி என்னிடம்தான் இருந்தது, மேடம்.

சீழ் கட்டிய காலோடு
பாயிடமே திரும்பிப் போனோம்.
அவர் மயிலிறகைத் தொடவில்லை.
காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.
தாயத்துக்கு எழுதும் காகிதத்தைக் கிழித்து
அதே பச்சை மையில்
உங்கள் ஓ.பி. நேரத்தை எழுதிக் கொடுத்தார்.
"ஏழரைக்கே போயிடும்மா. கூட்டமா இருக்கும்."

இத்தனையும் நான் சொல்லவில்லை.
நீங்கள் 'குரல் கேட்கிறது' என்று
இங்கிலீஷில் எழுதி முடித்துவிட்டீர்கள்.
யாருடைய குரல் என்று கேட்க
உங்களுக்கு நேரமில்லை.
ரத்தம் எடுக்கும் அக்கா
அவன் கையில் இருந்த கயிறுகளைக் கத்தரித்தாள்.
கறுப்புக் கயிற்றை மட்டும் பொறுக்கி
பர்ஸில் போட்டுக்கொண்டேன்.

முதல் மாதம் எச்சில் ஒழுகியது.
டம்ளரைப் பிடிக்கக் கை நடுங்கியது.
இதற்கு அவளே தேவலை என்றுகூட
ஒருநாள் நினைத்தேன்.
பிறகு தானாகக் குளித்தான்.
பிறகு, கிரிக்கெட் ஸ்கோர் கேட்டான்.

மூன்றாம் மாதம், ஒரு ஞாயிறு,
வஞ்சிரத் தலைக் குழம்பில் சோற்றைப் பிசைந்தபடி
"அக்கா, மரகதம் போய்ட்டா" என்றான்.
சந்தோஷமாகச் சொல்லவில்லை.
எதிர்வீடு காலி பண்ணியதைச் சொல்வதுபோல.

கேட்கக் கூடாதுதான். கேட்டுவிட்டேன்.
"போறேன்னாளா,
போய்ட்டு வரேன்னாளா?"

யோசித்தான்.
ஒரு முள்ளை எடுத்துத் தட்டோரம் வைத்தான்.
"சொல்லிக்காமதான் போனா."

ராத்திரி மாத்திரை கொடுத்தேன்.
கதவைத் தாழ்போட்டுப் படுத்தவள்
எழுந்து போய்
இன்னொரு தடவை தாழைத் தொட்டுப் பார்த்தேன்.